கன்ட்ரோல் பிளேட்டில் முளைத்த விரல்கள்

இதைக் கதை என்று சொன்னால் ஜெஸிந்தா எழுந்தே போய்விடுவாள். தேதி, மணி எல்லாம் அவளுக்கு இன்றும் அத்துபடி. 2009, ஜூலை 17, வெள்ளிக்கிழமை. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

நீலகிரியில் கட்டபெட்டு ஊருக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் ஒரு பழைய பங்களா. அதை ஒரு கம்பெனி லேப் ஆக்கியிருந்தது. வேலை, கடல் பாக்டீரியா வளர்ப்பது. மலையில் கடலுக்கு என்ன வேலை என்று ஊரே சிரித்தது. ஆழ்கடல் கிருமிக்குக் குளிர் வேண்டும், குளிருக்கு அங்கே பஞ்சமா? தூத்துக்குடியிலிருந்து கேன் கேனாகக் கடல் தண்ணீரும் சேறும் லாரியில் வரும். அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, உள்ளே இருக்கும் உயிரையெல்லாம் கொன்று, அகர் சேர்த்துக் கண்ணாடித் தட்டில் ஊற்றினால் ஜெல்லி மாதிரி உறையும். அதுதான் பிளேட். அதன்மேல் சேற்றில் ஒரு துளி தடவி வைத்தால், நாலைந்து நாளில் புள்ளி புள்ளியாகப் பாக்டீரியா முளைக்கும்.

ஒரே ஒரு பிளேட்டில் மட்டும் எதையும் தடவக் கூடாது. அதற்குப் பெயர் கன்ட்ரோல். அதில் ஏதாவது முளைத்தால், பிளேட் ஊற்றியவரின் கை சுத்தமில்லை என்று அர்த்தம்.

அங்கே பிளேட் ஊற்றும் வேலையில் இருந்த ஜெஸிந்தாவின் கன்ட்ரோலில், இரண்டு வாரத்தில் இரண்டு தடவை முளைத்திருந்தது.

லேப் தலைவர் ஜஸ்டஸுக்கு முதலிலிருந்தே அவளைக் கண்டால் ஆகாது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். அவர் பிளேட் கெட்டால் கரண்ட் மேல் பழி, இவள் பிளேட் கெட்டால் இவள் மேல் பழி. மூன்றாவது தடவையும் கெட்டால் வேலை போகும் என்றார். அதோடு விட்டாரா? கை சுத்தமில்லாதவள் என்று எழுதியே அனுப்புவாராம். அந்தக் காகிதத்தோடு எந்த லேபில் போய் நிற்பது? அவளுக்குத் தெரிந்த ஒரே தொழில் இதுதான்.

அதனால் இந்தத் தடவை கன்ட்ரோல் பிளேட்டைச் சுற்றி டேப் ஒட்டி, டேப் மேல் கையெழுத்துப் போட்டாள். குளிர்ப்பெட்டியைப் பூட்டி, சாவியைக் கழுத்துச் செயினில் கோத்துக்கொண்டாள்.

மதியம் 3.38. கரண்ட் போனது. வெளியே மூடுபனி... ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு தேயிலைச் செடிகூடத் தெரியவில்லை. பெட்டியில் குளிர் குறைகிறதா என்று பார்க்கத் திறந்தாள்.

உள்ளே வெளிச்சம்.

கன்ட்ரோல் பிளேட் நீலமாக ஒளிர்ந்தது. சில கடல் பாக்டீரியா இருட்டில் ஒளிரும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் இது புள்ளியாக இல்லை... இரண்டு விரல் நுனி. ரேகையோடு.

டேப் பிரியவில்லை. கையெழுத்து அப்படியே இருந்தது.

ரேகை அகரின் மேலே இல்லை. அகருக்கும் அடிக் கண்ணாடிக்கும் நடுவில் இருந்தது. எந்தக் கையும் போக முடியாத இடம். உள்ளேயிருந்து யாரோ கண்ணாடியைத் தள்ளுவது போல...

3.44. விரல் நான்கு.

பாக்டீரியா வளர நாள் கணக்காகும். நிமிஷத்தில் வளராது.

சொட்... சொட்...

குழாய் மூடித்தான் இருந்தது. உதட்டை நக்கினாள். உப்பு.

3.51. கட்டை விரலும் வந்துவிட்டது.



கதவு திறந்தது. ஜஸ்டஸ். கையில் டார்ச்.

“மூணாவது தடவை,” என்றார்.

“நானு தொடலைங்க சார். டேப்பைப் பாருங்க.”

“உன் கையை வை.”

பிளேட்டைத் திருப்பி, அடிக் கண்ணாடி மேல் வைத்தாள். அவள் விரல்கள் சிறியவை. பொருந்தவில்லை. பிளேட்டில் இருந்த சுண்டு விரல் உள்பக்கமாக வளைந்திருந்தது.

எப்படி அழுத்தினாய் என்று நான் காட்டுகிறேன் என்று சொல்லி, அவரே தன் கையை வைத்தார்.

பொருந்தியது.

ஐந்து விரலும். வளைந்த சுண்டு விரலும்.

கையை எடுக்கப் பார்த்தார்... வரவில்லை.

இழுத்தார்.

வந்தது.

கையைத் துடைத்துக்கொண்டே போய்விட்டார். மணி 4.03.

மறுநாள் காலை அவருடைய குவாட்டர்ஸ் கதவை உடைத்துத்தான் திறந்தார்கள். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. கட்டிலில் கிடந்தார். தலையணைகூட நனையவில்லை.

ஊட்டியில் பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர், தண்ணீரில் மூழ்கிச் செத்திருக்கிறார் என்றார். அவருக்கே அதில் நம்பிக்கை வரவில்லை. நுரையீரலில் இருந்த தண்ணீரில் கொஞ்சம் புட்டியில் அடைத்து இதே லேபுக்கு அனுப்பினார். அந்த மலையில் வேறு யாரிடம் கேட்பது?

ஜெஸிந்தாதான் பிளேட் ஊற்றினாள். அழுதுகொண்டே ஊற்றினாள்.

ஐந்தாம் நாள் பெட்டியைத் திறந்தாள். அந்தத் தண்ணீர் தடவிய பிளேட் எல்லாம் நீலமாக ஒளிர்ந்தன. அடிக்கடலில் மட்டும் வாழும் அதே பாக்டீரியா.

கன்ட்ரோல் பிளேட்டில் ஒன்றுமே இல்லை. அவள் கை சுத்தம் என்று நிரூபணமாகிவிட்டது. ஒப்புக்கொள்ளத்தான் ஆள் இல்லை.