லம்பேர்ட் தானே பெட்ரோல் போட்டுக்கொள்வார்

லம்பேர்ட் ஹ்ரூஷ்கா உட்கார்ந்து பார்த்தவர்கள் எங்கள் மாவட்டத்தில் ரொம்பக் குறைவு. டிராக்டரில் உட்காருவார், விமானத்தில் உட்காருவார், அவ்வளவுதான். சாப்பாடு நின்றுகொண்டே. சர்ச்சில் பிரசங்கம் நடக்கும்போது கடைசி வரிசைக்குப் பின்னால் உலாத்துவார். அந்த இடத்தில் மட்டும் தரைப்பலகையை இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது. அவருக்கு முடி வெட்டுகிறவன் கூடவே நடந்து நடந்து வருஷத்துக்கு ஒரு ஜோடி பூட்ஸ் தேய்த்தான். நம்பாவிட்டால் போங்கள், பாதியாவது உண்மை.

நெப்ராஸ்காவில் சோளக்காட்டுக்கு நடுவில் இருக்கும் எங்கள் ஊர் விமான நிலையத்தில் புல் வெட்டுவது, பனி தள்ளுவது, பெட்ரோல் லாரி ஓட்டுவது எல்லாம் நான்தான். என் பெயர் மார்வ். சின்ன விமானம் வைத்திருப்பவர்கள் என்னைக் கூப்பிட்டால் லாரியோடு போய் நானே ஏணி போட்டு நிரப்பிவிட்டு வருவேன். இல்லையென்றால் பம்பு இருக்கிறது. கார்டைத் தேய்த்து, தீப்பொறி கிளம்பாமலிருக்க விமானத்தில் ஒரு கம்பியை மாட்டி, ஏணியில் ஏறித் தானே போட்டுக்கொள்ள வேண்டும். பம்பில் கொஞ்சம் மலிவு. அதற்காக என் லாரியை ஒதுக்கியவர்கள் உண்டு. லம்பேர்ட் அதற்காக ஒதுக்கவில்லை. தன் டேங்கில் அடுத்தவன் கை பட்டால் அவருக்கு உடம்பெல்லாம் அரிக்கும்.

"மூடிய நீ ஒழுங்கா திருகினியா இல்லையான்னு நான் மேகத்துக்குள்ள போய் யோசிச்சிட்டு இருக்கணுமாடா?" என்பார்.

"இருபது வருஷமா திருகுறேன் பெரியவரே. ஒரு மூடி கூட பறந்து போனதில்ல."

"உன் வாய்க்கு ஒரு மூடி போட முடியல. டேங்குக்கு எங்க போடப் போற?"

அவருடைய விமானத்தில் இறக்கை தலைக்கு மேலே இருக்கும். டேங்க் அந்த இறக்கைக்குள். ஏணி இல்லாமல் மூடியைத் தொடவே முடியாது. எழுபது தாண்டியும் அந்த ஏணியில் அணில் மாதிரி ஏறுவார். வலது பக்கம் நிரப்பிவிட்டு இடது பக்கம் ஏறி, அப்புறம் வலது மூடி சரியாக இருக்கிறதா என்று மறுபடி ஏறி, இடது மூடிக்குப் பொறாமை வந்துவிடும் என்பதுபோல் அதையும் மறுபடி பார்த்துவிட்டு இறங்குவார். அவர் பெட்ரோல் போட்டு முடிப்பதற்குள் பின்னால் நிற்கும் விமானக்காரன் ஷேவ் பண்ணின முகத்தில் தாடி வளர்ந்துவிடும்.

அவர் மனைவி அட்லீனுக்கு அந்த விமானம் ஆகவே ஆகாது. விற்றுவிடு, விற்றுவிடு என்று காலையில் காபியோடு ஒன்று, ராத்திரி மாத்திரையோடு ஒன்று. ஒரு கோடையில், விமான நிலையத்தில் வருஷா வருஷம் நடக்கும் பான்கேக் விருந்தில் எல்லார் முன்னாலும் ஆரம்பித்துவிட்டாள். லம்பேர்ட்டுக்கு மூக்கு சிவந்துவிட்டது. கையிலிருந்த தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"என்னைக்கு இந்த ஏணில நானே ஏறி பெட்ரோல் போட முடியலயோ, அன்னைக்கே வித்துடுறேன்! போதுமா?"

"எல்லாரும் கேட்டீங்கல்ல?" என்றாள் அட்லீன். வாயில் சாஸேஜோடு ஊரே தலையாட்டியது. எங்கள் ஊரில் லம்பேர்ட் சொன்னால் சொன்னதுதான். பத்திரமெல்லாம் எழுதாமல் அவர் வாய்ச்சொல்லை நம்பி நிலத்தையே கைமாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

அந்தப் பனிக்காலமே மாட்டுக்கொட்டகை வாசலில் வழுக்கி விழுந்தார். வலது முழங்கால் போய்விட்டது. நடந்தால் துருப்பிடித்த கதவு மாதிரி சத்தம் வரும். உலாத்துவதை மட்டும் விடவில்லை. விமானத்துக்குள் நுழைந்து உட்கார முடிந்தது, பெடலை அழுத்த முடிந்தது. முழங்காலை மடக்கி ஏணி ஏறத்தான் வரவில்லை.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவர் பம்புப் பக்கமே வருவதை நிறுத்திவிட்டார். ஆனால் விமானம் மட்டும் பறந்துகொண்டே இருந்தது! சனிக்கிழமை தவறாமல் பஃபலோ பெண்டு என்கிற ஊருக்குப் போவார். "அங்க ஆப்பிள் பை நல்லா இருக்கும்" என்பார். போகும்போது டேங்க் கிட்டத்தட்டக் காலி, வரும்போது நிறைந்திருக்கும். எந்த ஊர் ஓட்டலில் பையோடு பெட்ரோல் பரிமாறுகிறார்கள்? அந்த ஊரிலும் என்னை மாதிரி லாரியோடு ஓர் ஆள் இருந்தான், அதுதான் விஷயம். பெட்ரோல் போட்டுக்கொள்ள அரை டேங்க் பெட்ரோலை எரித்துக்கொண்டு போய்வந்த ஒரே மனுஷன் உலகத்தில் இவராகத்தான் இருப்பார்.

என்னிடம் ஏன் கேட்கவில்லை? என் காதில் காலையில் விழுந்தது மத்தியானத்துக்குள் பக்கத்து மாநிலத்துக்குப் போய்விடும் என்று ஊருக்கே தெரியும். அட்லீன் காதில் விழுந்தால் விமானம் போச்சு. அதனால் மனுஷன் வெள்ளிக்கிழமை முழுக்க விமானக் கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வருவார், வானத்தைப் பார்ப்பார், டேங்க் முள்ளைப் பார்ப்பார், வீட்டு ரோட்டைப் பார்ப்பார். பார்க்கிற எனக்கே கால் வலிக்கும்.

ஒருநாள் சும்மா சீண்டினேன். "பெரியவரே, இறக்கை கீழ இருக்கிற விமானமா ஒண்ணு வாங்கிடுங்களேன். இடுப்பு உசரத்துலயே டேங்க். ஏணியே வேணாம்."

"மடையா, அதுக்குள்ள போகணும்னா இறக்கை மேல ஏறிப் போகணும். பெட்ரோல் போட்டுட்டு வெளியிலயே நின்னு டாட்டா காட்டவா?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் கேட்காத மாதிரி புல் வெட்டும் வண்டியைக் கிளப்பினேன். சத்தியமாக யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே ஆச்சரியம்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. அட்லீன் கசகசா வைத்த கொலாச்சி பன் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்திருந்தாள். என் போன் அடித்தது. கையெல்லாம் கிரீஸ். முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினேன்.

"மார்வு, பக்கத்துல யாரும் இல்லயே?" லம்பேர்ட் குரல். நான் வாயைத் திறப்பதற்குள் கொட்டிவிட்டார். "பஃபலோ பெண்ட்ல லாரிய எடுத்துட்டானுங்க. ஆளயும் காணோம். வெறும் பம்பும் ஏணியும் நிக்குது. டேங்க்ல ஒரு கிளாஸ் கூட இல்ல. நீ வந்து ஏறிப் போட்டுக் குடுடா. அந்த அட்லீன் காதுக்கு மட்டும் போகக்கூடாது."

அட்லீன் தட்டை மேஜையில் வைத்தாள். "நான் வண்டி ஓட்டுறேன்" என்றாள்.

அவள் பிக்கப்பை ஓட்டின வேகத்தில் ரோட்டோரச் சோளமெல்லாம் கதிர் உதிர்த்திருக்கும். போய்ச் சேர்ந்தபோது லம்பேர்ட் ஏணியைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் நின்றார். அவர் அசையாமல் நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சாவியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

"சொன்னது சொன்னதுதான். இன்னைக்கே வித்துடுறேன்."

அவள் சாவியைப் பார்க்கவில்லை. ஏணியைப் பார்த்தாள். "நீ இதுல ஏறிப் பார்த்தியா?"

"முதல் படி."

"லம்பேர்ட்டு."

"மூணாவது. அப்புறம் கால் நழுவிச்சு. கைய ஊனிப் பிடிச்சிட்டேன், ஒண்ணும் ஆகல."

கைப்பையால் அவர் தோளில் ஓங்கி ஒன்று போட்டாள். ஓடுபாதையில் இருந்த குருவியெல்லாம் பறந்தது. "எங்க அண்ணன் லியோனார்டு எப்படிச் செத்தான்? வானத்துல இருந்தா விழுந்தான்? தானியக் குதிர் ஏணில இருந்து விழுந்தான். நீ ஒவ்வொரு சனிக்கிழமையும் இந்தச் சனியன் மேல ஏறி நிக்கும்போதெல்லாம் நான் சமையல்கட்டு ஜன்னலைப் பிடிச்சிட்டு நிப்பேன். நீ மேல கிளம்பிப் போன சத்தம் கேட்டப்புறம்தான்யா நான் காபியே குடிப்பேன்!"

லம்பேர்ட் தோளைத் தேய்த்துக்கொண்டார். "நீ பறக்கிறதுக்குல்ல பயப்படுறன்னு நினைச்சேன்."

"பறக்கிறதுல என்ன இருக்கு? உட்கார்ந்துட்டுத்தானே போற? நீ உட்காருற இடம் அது ஒண்ணுதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. இருமல் மாதிரி மாற்றிக்கொண்டேன்.

லம்பேர்ட் தலையைக் குனிந்துகொண்டார். "ஊர் முன்னாடி சொல்லிட்டேனே அட்லீன். நான் வார்த்தை மாறுனதே இல்ல."

"என்கிட்டதான சொன்ன? நான் வேணாம்னு திருப்பிக் குடுக்கிறேன். ஊர்க்காரங்களுக்கு நானே சொல்லிக்கிறேன்." என் பக்கம் திரும்பினாள். "இல்லைன்னா இவன் சொல்லிடுவான், ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள."

லம்பேர்ட் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே விமானத்தை ஒருமுறை சுற்றி வந்தார். இன்னொரு முறை சுற்றினார். என் முன்னால் வந்து நின்றார்.

"மார்வு. நீயே போட்டுடு."

கம்பியை மாட்டினேன், ஏறினேன், நிரப்பினேன். மூடியைத் திருகும்போது கீழேயிருந்து "இன்னொரு தடவ" என்றார். திருகினேன். "இன்னொரு தடவ." மூடி இறக்கையோடு ஒட்டி வளர்ந்துவிடுகிற அளவுக்குத் திருகினேன். அட்லீன் வீட்டுக்கு விமானத்திலேயே போனாள். பிக்கப்பை நான் தனியாக ஓட்டிக்கொண்டு வந்தேன்.

இப்போது சனிக்கிழமைதோறும் லாரியோடு அவர் விமானக் கொட்டகைக்குப் போகிறேன். லாரிக்கு உண்டான விலையை முனகாமல் கொடுத்துவிடுகிறார். ஆனால் முதல் வாரம் என் காலுக்குள் காலாக நுழைந்து நடந்ததில் நானே ஏணியிலிருந்து விழப் பார்த்தேன். இரண்டாவது வாரம் ஏணியைப் பிடித்துக்கொள்கிறேன் என்று சொல்லி அதையும் ஆட்டினார். அதற்கப்புறம் அட்லீனும் கூட வருகிறாள். நான் ஏணியை வைத்ததும் அவரைப் பிக்கப்புக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிடுகிறாள். உள்ளே உட்கார முடியாமல் முழங்காலால் டேஷ்போர்டை இடிக்கிறார். ஒரு சொட்டு இறக்கையில் சிந்தினால் போதும், ஹாரன். மூடியில் நான் கை வைத்தால் ஹாரன். இன்றைக்கு மூக்கைச் சொறிவதற்குக் கையை எடுத்தேன், அதற்கும் ஒரு ஹாரன்.