ஆறுக்குட்டி பெயரில் வந்த கருத்து

கீர்த்திவாசன் முதன்முதலில் பொறாமைப்பட்டது பாலிடெக்னிக் விடுதியில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவன் மேல். பரீட்சைக்கு முந்தின நாள் இவரிடம் பாடம் கேட்டு எழுதிய அவன் அமெரிக்காவில் போய் இறங்கினான். பாடம் சொல்லிக்கொடுத்த இவர் காரமடையில் பஸ் ஏறிக் கோத்தகிரியில் வந்து இறங்கினார். முப்பது வருடம் ஆகப்போகிறது. அந்த எரிச்சல் இந்த ஊர்க் குளிரிலும் ஆறவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோத்தகிரி பஜாரில் முதல் கம்ப்யூட்டர் கடை அவருடையதுதான். மூன்று மாதம் வெயிலே எட்டிப் பார்க்காத ஊரில் கம்ப்யூட்டரைத் துருப்பிடிக்காமல் காப்பாற்றுவது எப்படி என்று எஸ்டேட் ஆபீஸ்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். ஊரில் பாதிப் பேருக்கு மெயில் ஐடி உண்டாக்கியவரும் அவரே. பாஸ்வேர்டை மறந்துவிடுவார்கள் என்பதால் அதையும் ஒரு நீல நோட்டில் தானே எழுதி வைத்திருந்தார். லைசென்ஸோ, பாஸ்போர்ட்டோ, பிள்ளையின் கல்லூரி விண்ணப்பமோ, எதுவானாலும் கடைக்கு வந்து எதிரில் உட்கார்ந்து, "நம்ம ஐடியைத் திறங்க" என்பார்கள். அவர் திறப்பார். யாரும் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. அந்த நம்பிக்கையில்தான் கடை ஓடியது.

ஆனால் அவர் ராஜாவாக உட்கார்ந்திருந்த இடம் லிங்கசாமி பேக்கரியின் பெஞ்சு. காலை எட்டு மணிக்கு டீயும் அதில் தோய்த்துத் தின்ன இரண்டு மொறுமொறு வர்க்கியும் வாங்கிக்கொண்டு உலகத்துக் கம்ப்யூட்டர் கம்பெனிகளையெல்லாம் வரிசையாக நிறுத்தி விசாரிப்பார். மடக்குகிற போன் வந்திருக்கிறது என்று யாராவது சொன்னால், "கதவுக் கீல் தேயறதைப் பார்த்தவன் எவனாச்சும் அதை வாங்குவானுங்களா?" என்பார். மெமரி விலை ஏறிவிட்டதா? "பெரிய கம்பெனிக்காரன் ஏஐக்குன்னு மொத்தமா வாரிக்கிட்டுப் போறானுங்க. நமக்குச் சிந்துனதுதான்." ஆமாங்க, ஆமாங்க என்று பெஞ்சு தலையாட்டும். வியாபாரிகள் சங்கத்து ஆண்டு விழாவில் 'கம்ப்யூட்டர் உலகம் இன்று' என்ற தலைப்பில் பதினான்கு வருடமாக அவர்தான் சிறப்புரை. அந்த அரை மணி நேரத்துக்காகவே அவர் மற்ற முந்நூற்றுச் சொச்சம் நாளையும் பொறுத்துக்கொண்டிருந்தார் என்று சொன்னால் அவரே மறுக்கமாட்டார்.

அதில் மண்ணைப் போட வந்தவன் பாலகுமார்.

கீழ் கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவன். அம்மா வீரம்மா கொழுந்து பறித்துப் படிக்க வைத்தாள். கோயம்புத்தூரில் ஏதோ கம்பெனியில் ஆறு வருடம் இருந்துவிட்டு, ஆட்குறைப்பில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவன், சும்மா இருக்காமல் யூடியூபில் சேனல் ஆரம்பித்தான். தேயிலைச் செடிக்கு நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கம்ப்யூட்டர் செய்திகளைப் பற்றித் தனக்குத் தோன்றியதைச் சொல்வான். அவ்வளவுதான். கீர்த்திவாசன் பெஞ்சில் செய்ததை அவன் ஸ்டூலில் செய்தான். பெஞ்சுக்கு ஏழு பேர், ஸ்டூலுக்கு அறுபதாயிரம் பேர்.

இந்தக் கணக்குத்தான் கீர்த்திவாசனின் வயிற்றில் தினமும் அடுப்பு மூட்டியது. காலையில் பல் விளக்குவதற்கு முன் அவன் சேனலுக்கு எத்தனை பேர் கூடினார்கள் என்று பார்ப்பார். கூடியிருந்தால் காப்பி கசக்கும். கூடாவிட்டால் போன் கெட்டுவிட்டதோ என்று இன்னொரு தரம் பார்ப்பார்.

"எள்ளு எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குங்க காயுது?" என்பாள் மனைவி மரகதம். "அவன் பாட்டுக்கு அவன் பேசறான். உங்களுக்கு என்ன நட்டம்?"

நட்டம் ஆவணி மாதம் தெரிந்தது. பேக்கரியில் டீயை வைத்துவிட்டு லிங்கசாமி தலையைச் சொறிந்தார். சங்கத்துக்கு அவர்தான் செயலாளர்.

"ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க. இந்த வருசம் சிறப்புரைக்கு நம்ம பாலகுமாரைக் கூப்புடலாம்னு தலைவர் சொல்லிப்போட்டாருங்க. பொடுசுங்கல்லாம் அவனைப் பார்க்கோணும்ங்குதுங்க."

"அப்ப நானு?"

"உங்களை விட்டுருவமுங்களா? நன்றியுரை போட்டிருக்கறமுங்க."

நன்றியுரை! மைக்செட்காரர் முதல் நாற்காலி போட்டவர் வரை பெயர் சொல்லி முடிப்பதற்குள் கூட்டம் சாப்பாட்டு வரிசையில் நிற்கும். கீர்த்திவாசன் அந்த வர்க்கியைத் தொடவில்லை. விழாவுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அதற்குள் பாலகுமாருக்கு ஒன்றும் தெரியாது என்று ஊருக்குக் காட்டிவிட்டால் மேடை திரும்பி வந்துவிடும் என்று கணக்குப் போட்டார்.

அன்று மத்தியானமே 'நடுநிலையாளன்' என்று ஒரு பொய்க் கணக்கைத் தொடங்கினார். பாலகுமாரின் ஒவ்வொரு வீடியோவுக்கும் கீழே வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது போல எழுதினார். 'நல்ல முயற்சி. ஆனால் அடிப்படையே தெரியவில்லை.' 'தம்பி இன்னும் படிக்க வேண்டும்.' ஊசிகள் ஏறினவே தவிர யாருக்கும் வலித்ததாகத் தெரியவில்லை. ஒரே ஒரு கருத்துக்கு இரண்டு லைக் விழுந்தது. அதில் ஒன்று பாலகுமார் போட்டது.

அப்போதுதான் அந்த வீடியோ வந்தது. ஏஐ கம்ப்யூட்டர்கள் சூடேறாமல் இருக்கக் குளிர்ச்சியான இடம் வேண்டும், நீலகிரியில் இயற்கையே குளிரூட்டுகிறது, நாளைக்கே அவற்றை வைக்கிற டேட்டா சென்டர்கள் இங்கே வரும், நம் பிள்ளைகள் சமவெளிக்கு வேலை தேடிப் போக வேண்டியதில்லை என்று பாலகுமார் உருகி உருகிப் பேசியிருந்தான். கீர்த்திவாசனுக்குக் கை துறுதுறுத்தது. வெளியே பனி இறங்கிக் கடைத்தெருவே தெரியவில்லை. வாடிக்கையாளர் எவரும் இல்லை. ஒரே மூச்சில் அடித்தார்:

'தேயிலைக்கு நல்ல விலை வந்த வருஷம் உருளைக்கிழங்குக் காட்டையும் முட்டைக்கோஸ் காட்டையும் அழித்துத் தேயிலை நட்டோம். வீட்டுக் கொல்லையைக் கூட விடவில்லை. செடி வளர்ந்து கொழுந்து வந்தபோது விலை போய்விட்டது. இன்று ஏஐ, ஏஐ என்று கட்டடம் கட்டுகிறவர்களும் அதே நாற்றைத்தான் நடுகிறார்கள். விலையைப் பார்த்து நட்டவன் வாழ்ந்ததில்லை. தம்பி பாலகுமார் நாற்று விற்கிறவன் பக்கம் நின்று பேசுகிறார்.'

எழுதி முடித்ததும் அவருக்கே மெய் சிலிர்த்தது. வாழ்நாளில் அவர் சொன்னதில் அதுதான் ஆகச் சிறந்தது. கடையைச் சாத்திவிட்டு விசிலடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை பேக்கரிப் பெஞ்சு நிரம்பி வழிந்தது. லிங்கசாமி போனை உயரப் பிடித்து உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் அந்த வருஷம் தேயிலை நட்டு மாட்டிக்கொண்டவர்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கீர்த்திவாசனுக்கு நெஞ்சு விம்மியது. சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"பாருங்க, ஒரே ராத்திரியில எண்ணூறு லைக்கு! பாலகுமாரே எல்லாத்துக்கும் முன்னால தெரியற மாதிரி மேல தூக்கி வெச்சிருக்கறான்," என்றார் லிங்கசாமி. "நம்ம ஆறுக்குட்டி அண்ணனுக்குள்ள இவ்வளவு விசயம் இருக்குதுன்னு ஆருக்குத் தெரியும்?"

"ஆரு?" என்றார் கீர்த்திவாசன்.

"நம்ம சங்கத் தலைவருங்க! கேரட் மண்டி ஆறுக்குட்டி!"

பாதி டீயை வைத்துவிட்டுக் கடைக்கு ஓடினார். யார் கணக்கு திறந்திருக்கிறது என்று காட்டும் திரை மூலைச் சின்ன வட்டத்தை அமுக்கிப் பார்த்தார். 'நடுநிலையாளன்' இல்லை, ஆறுக்குட்டி பெயர் இருந்தது. முந்தின நாள் காலையில் ஆறுக்குட்டி வந்து, மண்டிக்கு லைசென்ஸ் புதுப்பிக்கவேண்டும் என்று எதிரில் உட்கார்ந்ததும், இவர் நீல நோட்டைப் பார்த்து அவர் ஐடியைத் திறந்ததும், வேலை முடிந்து அதை மூடாமல் விட்டதும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. இருபது வருடமாக அடுத்தவர் கணக்கைத் திறந்து மூடிய கை, ஒரே ஒரு நாள் மூட மறந்தது. அந்த நாள்தானா அதற்குக் கிடைத்தது!

அழித்துவிடலாம். ஒரு அமுக்கு அமுக்கினால் போதும். மவுஸை அங்கே கொண்டுபோனார். அதற்குள் லைக் ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. தன் சொல்லுக்கு விழுந்த ஆயிரம் கைதட்டலைத் தன் கையாலேயே துடைத்துப் போட அவருக்கு மனசு வரவில்லை. நான்தான் எழுதினேன் என்று வெளியே சொல்லவும் வழியில்லை. வாடிக்கையாளர் கணக்கில் பூந்து எழுதினான் என்று தெரிந்தால் மறுநாளிலிருந்து கடைப்பக்கம் எவன் வருவான்?

ஆறுக்குட்டிதான் மறுத்துவிடுவாரே என்று ஒரு நம்பிக்கை இருந்தது. முதல் வாரம் அவரும் யோக்கியமாக, "நானில்லீங்க, எனக்கு என்ன தெரியும்" என்றார். அடக்கத்தைப் பார் என்று ஊர் இன்னும் மெச்சியது. இரண்டாவது வாரம் மறுப்பதை விட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். மூன்றாவது வாரம் பேக்கரிக்கு வந்து அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து, "இந்த ஏஐ இருக்குது பாருங்க..." என்று தொடங்கினார். போனில் பச்சைப் பட்டனைத் தவிர வேறு எதையும் அமுக்கத் தெரியாத மனிதர்! கீர்த்திவாசனுக்குப் பாலகுமார் மேல் இருந்த பொறாமை ஒரு பங்கு என்றால், இப்போது ஆறுக்குட்டி மேல் பத்துப் பங்கு. பாலகுமாராவது தன் வாயால் பேசிப் பெயர் வாங்கினான்.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்தது. மண்டபத்தில் நிற்க இடமில்லை. பாலகுமார் நன்றாகவே பேசினான். அதுவும் ஒரு கடுப்பு. முடிக்கும்போது திரையில் அந்தக் கருத்தைப் பெரிதாகப் போட்டான்.

"நான் ஒரு மணி நேரம் மூச்சுப் பிடிச்சுப் பேசினதை ஐயா நாலு வரியில உடைச்சுப் போட்டாங்க. எனக்குப் புத்தி வந்தது இதைப் படிச்சுத்தான்," என்று சொல்லி ஆறுக்குட்டிக்குப் பொன்னாடை போர்த்திக் காலில் விழுந்தான். கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

ஆறுக்குட்டி மைக்கைப் பிடித்தார். "ஏதோ அனுபவத்துல தோணுச்சுங்க. எழுதிப் போட்டேன்."

எழுதிப் போட்டாராம்!

அடுத்து நன்றியுரை. கீர்த்திவாசன் பெயர்ப்பட்டியலோடு மேடையேறினார். மைக்செட்காரர் பெயர் வரைக்கும் ஒழுங்காகப் படித்தார். 'நம் தலைவரின் ஆழ்ந்த கணினி அறிவுக்கும்' என்று லிங்கசாமி எழுதிக் கொடுத்திருந்த வரி வந்தது. அதைப் படிக்க வாய் திறந்தவருக்கு வேறு வார்த்தை வந்து விழுந்தது.

"தலைவர் எழுதுனது தப்புங்க."

சாப்பாட்டு வரிசைக்கு எழுந்தவர்கள் நின்றார்கள்.

"தேயிலையும் கம்ப்யூட்டரும் ஒண்ணுங்களா? செடி நட்டா அஞ்சு வருசம் காத்துக் கெடக்கோணும். கம்ப்யூட்டர் அப்படியா? ஒப்புமையே பொருந்தலைங்க. தெரியாத விசயத்துல தலையிட்டு எழுதுனா இப்படித்தான் ஆகும்!"

தன் வாழ்நாளின் ஆகச் சிறந்த நான்கு வரியைத் தானே பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். நிறுத்த முடியவில்லை. அது இன்னொருவன் தோளில் பொன்னாடையாகக் கிடப்பதைப் பார்ப்பதற்கு, அது ஒன்றுக்கும் உதவாதது என்று ஆகிவிடுவதே மேல் என்று தோன்றியது.

பாலகுமார் பணிவாக எழுந்தான். "அண்ணே, நீங்க சொல்றது சரியில்லைண்ணே. ஐயா எழுதினதை இன்னொரு தரம் படிங்க. அவங்க செடியைப் பத்திச் சொல்லல. விலையைப் பார்த்து நடுற மனுசனைப் பத்திச் சொல்றாங்க. அதுல இருக்க ஆழம் உங்களுக்குப் பிடிபடல."

தான் எழுதியதன் பொருளைத் தனக்கே விளக்கினான். மண்டபம் கைதட்டியது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "ஏனுங்க கீர்த்திவாசன், பொறாமையில பேசாதீங்க! எறங்குங்க!"

பெரிய சிரிப்பு. "நன்றி, வணக்கம்" என்று முணுமுணுத்துவிட்டு இறங்கினார். அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆறுக்குட்டி இரண்டு தரம் பாயசம் வாங்கினார்.

வீட்டுக்கு ஏறுகிற வழியில் மரகதம் கூடவே நடந்தாள். பனி கன்னத்தில் ஈரமாக ஒட்டியது. வளைவு திரும்பியதும் மெதுவாக ஆரம்பித்தாள்.

"அந்த மனுசன் சரியாத்தானுங்களே எழுதியிருக்கறாரு? எங்க அப்பாவும் அப்படித்தான் கொல்லையெல்லாம் தேயிலை நட்டு நொடிஞ்சாரு. படிச்சப்ப எனக்கு அழுகையே வந்துருச்சுங்க. கேரட்டு விக்கறவருக்குத் தெரியறது உங்களுக்கு ஏனுங்க தெரியாமப் போச்சு?"

கீர்த்திவாசன் நின்றுவிட்டார். இவளிடமாவது சொல்லலாம். இவள் ஒருத்தி தெரிந்துகொண்டால் போதும்.

"மரகதம், அதை எழுதுனது ஆறுக்குட்டி இல்லை. நாந்தான்."

அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, காய்ச்சல்காரனிடம் பேசுகிற குரலில் சொன்னாள்:

"பொறாமை இருக்கலாமுங்க. அதுக்காக இவ்வளவு பெரிய பொய்யா சொல்றது? ஊட்டுக்கு வாங்க."