அத்தைக்கு என்ன உடைந்தது

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது, எங்கள் இங்கிலீஷ் மிஸ் ஒருநாள் கால் ஆடிய நாற்காலியில் ஆணி அடித்துக் காட்டி, "இதுதான் ஃபிக்ஸ். ஒடஞ்சதச் சரி பண்றது. ரிப்பேர்னாலும் அதே அர்த்தந்தான்" என்றார். நாற்காலி ஆடாமல் நின்றது. அந்தச் சொற்களின் மீது எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது.

அதே வாரம் போடியிலிருந்து திரும்பிய அப்பா, செருப்பைக் கழற்றும்போதே அம்மாவிடம் சொன்னார்: "தங்கச்சிக்கு ஃபிக்ஸ் ஆயிரும் போல. குரங்கணிக்காரரு. எஸ்டேட்டுக்கு ஜீப்பு ஓட்டுறாரு. ஞாயித்துக்கெழம பாக்க வர்றாக."

அத்தை சிலமலையில் எங்களோடுதான் இருந்தாள். கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து ஒரு பையோடு திரும்பி வந்தவள். ஏன் வந்தாள் என்று வீட்டில் யாரும் பேசியதில்லை. ஏலக்காய் தரம் பிரிக்கும் சோலிக்குப் போய்விட்டு வந்து, விரல்களில் அந்த மணத்தோடு எனக்குச் சடை பின்னிவிடுவாள். அவளை ஃபிக்ஸ் பண்ண ஆள் வருகிறது என்றதும் எனக்குக் கவலையாகிவிட்டது. பின்னிக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன்.

"அத்த, ஒனக்கு எங்க ஒடஞ்சிருக்கு?"

கை நின்றது. "கண்ட எடத்துலயும்" என்று சொல்லிவிட்டு, பின்னியதை அவிழ்த்து மறுபடி முதலிலிருந்து பின்னினாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் தன் அக்காவோடு ஜீப்பில் வந்து இறங்கினார். காதோரம் நரைத்திருந்தது. அத்தை அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. "மறுபடியும் சீலையக் கட்டிட்டுப் போயி நிக்க என்னால ஆகாது மதினி" என்று அவள் அம்மாவிடம் சொன்னது கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. அப்பா தரையைப் பார்த்தார். அந்த அக்கா கீழே வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

வந்த ஆள் கிளம்பிவிடுவாரோ என்று பயந்து, நான் அவர் முன்னால் போய் நின்றேன்.

"நீங்கதான எங்க அத்தைய ஃபிக்ஸ் பண்ண வந்திருக்கீக? அதுக்கு நெறையா எடத்துல ஒடஞ்சிருக்காம். மெல்லப் பண்ணுங்க, வலிக்கும்."

அம்மா பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள். அவர் சிரிக்கவில்லை. நாற்காலியிலிருந்து இறங்கி, என் உயரத்துக்குக் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"நானும் ரிப்பேருதான் ஆத்தா" என்றார், அடுப்படிக்கும் கேட்கும்படி. "வீட்டுக்காரி தவறிப்போனதுலருந்து வண்டி மட்டுந்தான் ஓடுது."

உள்ளே டம்ளர் சத்தம் கேட்டது. வேலைக்குக் கட்டும் பழைய சேலையிலேயே அத்தை வெளியே வந்தாள். கையில் காப்பி. அவரை நிமிர்ந்து பார்த்து, "சீனி கொஞ்சமாத்தான் போட்டுருக்கேன். போதுமா?" என்று கேட்டாள்.

"போதும்" என்றார், குடித்துப் பார்க்காமலே.

ரிப்பேர் என்றால் சரிசெய்வது என்று மிஸ் சொல்லியிருந்ததால், அவர் மெக்கானிக்கும்கூட என்று நான் முடிவு கட்டியிருந்தேன். ஆனால் அவரோ காப்பியைக் குடித்துவிட்டு, ஒரு ஸ்பேனரைக்கூட வெளியே எடுக்காமல் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். வாசலில் நின்ற அத்தையைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தேன். ஒரு வேலையும் நடந்ததாகத் தெரியவில்லை. சரியான ஏமாற்றுக்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.