கல்நார்க் கூரையும் முத்துமாரி டீச்சரும்

முத்துமாரி டீச்சர் மாரடைப்பில் இறந்த செய்தி எங்கள் பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. போட்டவர் தாளாளர். கால் மணி நேரத்தில் கூப்பிய கைகள் வரிசையாக விழுந்தன. ‘அன்பே உருவானவர்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். பொய். நம்மில் பாதிப் பேரோடு அவர் பேச்சையே நிறுத்தியிருந்தார். ஏனென்று உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

அவர் வேதியியல் நடத்தினார், நான் கணக்கு. கோவில்பட்டியில் மூடிப்போன ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையை வாங்கித்தான் எங்கள் பள்ளியை நடத்தினார்கள். பெரிய மண்டபத்தைத் தடுத்து நான்கு வகுப்பறைகளாக்கி, மேலே வெள்ளைத் தட்டிகளால் பொய்க்கூரை அடித்திருந்தார்கள். பார்க்க அழகாக இருக்கும்.

ஒரு கோடையில் மின்விசிறி மாட்ட வந்தவர் அந்தத் தட்டியில் துளை போட்டார். சாம்பல் நிறத் தூள் பெஞ்சுகள் மேல் கொட்டியது. பிள்ளைகள் அதில் விரலால் பெயர் எழுதி விளையாடினார்கள். டீச்சர் அவர்களை வெளியே அனுப்பிவிட்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏணியில் ஏறி, டார்ச் அடித்துப் பார்த்தார்.

“மேல பூராவும் பழைய கல்நார் சீட்டு சார், ஆஸ்பெஸ்டாஸ். வெடிச்சு நாரு நாராத் தொங்குது. அதை மறைச்சுல்லா தட்டி அடிச்சிருக்காங்க” என்றார் என்னிடம்.

தாளாளரிடம் போய் டீச்சர் அதைச் சொன்னபோது அவர் சிரித்தார். “இந்த ஊர்ல யாரு வீட்டுல சீட்டு இல்ல டீச்சர்? எங்கப்பா நாப்பது வருசம் அதுக்கு அடியிலதான் உக்காந்து ஆபீஸ் நடத்துனாவ.”

“உடையாமக் கெடந்தாச் சரி. தூளாயி மூச்சுக்குள்ள போச்சுன்னா வெளிய வராது. இந்தப் பிள்ளைக இன்னைக்கு இருமாது. முப்பது வயசுல, நாப்பது வயசுல இருமும். அப்பம் பதில் சொல்ல நீங்க இருப்பீங்களா?”

மறுநாள் முதல் அவர் மண்டபத்துக்குள் பாடம் நடத்த மறுத்தார். சைக்கிள் ஸ்டாண்டில் கரும்பலகையைச் சாய்த்து வைத்து நடத்தினார். பெற்றோரிடமும் சொன்னார். உடனே ஒரு கடிதம் தயாரானது. ‘வதந்தி பரப்பிப் பள்ளியின் பெயரைக் கெடுக்கிறார்.’ பதினான்கு ஆசிரியர்கள் கையெழுத்திட்டோம். ஆறாவது கையெழுத்து என்னுடையது. என் மகள் அங்கே கட்டணமில்லாமல் படித்தாள், அதுதான் காரணம். அவள் வகுப்பும் அந்த மண்டபத்தில்தான் இருந்தது.

டீச்சர் வேலையை விட்டு, சொந்த ஊரான பசுவந்தனைக்குப் போனார். சில மாதம் கழித்துப் பார்க்கப் போனேன். உட்காரச் சொல்லவில்லை.

“சூழ்நிலை அப்படி டீச்சர். வேற வழி தெரியல.”

“ஒங்க மக இப்பமும் அந்த மண்டபத்துலதான் இருக்காளா?”

தலையாட்டினேன்.

“பெத்த பிள்ளை தலைக்கு மேல இருக்கதையே மறைச்சிருக்கீங்க. எங்கிட்ட என்னத்தக் கேக்க வந்தீங்க? போங்க சார்.”

இந்த வருடம் கூரை ஒழுகியது. மாற்ற முடிவு செய்த நிர்வாகம், பள்ளி நடக்கும் நாளிலேயே சுத்தியலோடு ஆட்களை ஏற்றியது. சீட்டுகள் காய்ந்தபடியே, தூள் பறக்க உடைந்து விழுந்தன. கூலிக்கு வந்த பெண்கள் வெறுங்கையால் கூடையில் அள்ளினார்கள். நான் டீச்சருக்குப் போன் செய்தேன். விஷயத்தைக் கேட்டதும் போனை வைத்துவிட்டார். அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினார்.

“அண்ணாச்சி, சுத்தியலக் கீழ போடுங்க! ஏட்டி, அதை அள்ளாதீங்க, தள்ளி வாங்க!”

“நீங்க இப்பம் இங்க வேலை பாக்கல. வெளிய போங்க” என்றார் தாளாளர்.

“போலீசக் கூப்பிடுங்க. அவியளும் வந்து பாக்கட்டும்.”

ஏணியடியில் நின்றுகொண்டார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். வேறு ஆசிரியர் ஒருவரும் வரவில்லை. விஷயம் பரவிப் பெற்றோர் கூடினார்கள். மதியத்துக்குள் நகராட்சி அதிகாரி வந்து வேலையை நிறுத்தினார். பிறகு விடுமுறை விட்டு, முகக்கவசமும் கவச உடையும் அணிந்தவர்கள் வந்து, தண்ணீர் தெளித்து, மிச்சச் சீட்டுகளை முழுசாகக் கழற்றி, கெட்டியான பாலித்தீனில் சுற்றிக் கொண்டுபோனார்கள்.

வேலையை நிறுத்திய அன்று பஸ் நிறுத்தம் வரை அவரோடு நடந்தேன். ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொன்னார்.

“இன்னைக்கு நின்னீங்க. சரி. அன்னைக்கு நிக்கலை.”

அதுதான் கடைசி. மூன்று வாரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

புதுக் கூரை போட்ட மண்டபத்தில் அவர் படத்தைத் திறக்கப் போகிறார்களாம். தாளாளர் தலைமை. வாழ்த்துரை வழங்க என்னையும் கூப்பிட்டார்கள். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உயிரோடு இருந்தபோது அவரைச் சைக்கிள் ஸ்டாண்டில் நிற்கவிட்டவர்கள் இப்போது சுவரில் இடம் கொடுக்கிறார்கள். மாலை போடப் போகிறவர்கள் போடுங்கள். அவர் நம்மை மன்னித்துவிட்டார் என்று மட்டும் மேடையில் சொல்லாதீர்கள். மன்னிக்கவில்லை.

என் மகளுக்கு இப்போது பதினைந்து வயது. நன்றாக ஓடுகிறாள், சத்தமாகச் சிரிக்கிறாள். சளி பிடித்து இருமினால் நான் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். டீச்சரின் கோபம் என்னிடம் இருக்கிறது. அவள் நாற்பதைத் தாண்டும்வரை அதை நான் கீழே வைக்க முடியாது.