லாபம், ரெண்டு, மூணு

என் அக்கா ஓட்டப் பந்தயத்தில் பேர் வாங்கியதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அது பெருமைப்படும்படியான பங்கு இல்லை. இத்தனை வருஷம் கழித்துச் சொல்வதால் யாருக்கும் கேடு வந்துவிடாது என்றுதான் சொல்கிறேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில், வாய்க்காலை ஒட்டி எங்கள் அப்பாவுக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. அக்கா மெட்ராஸில் விடுதியில் தங்கிக் காலேஜில் படித்தாள். ஒரு பெண்பிள்ளை அவ்வளவு தூரம் போய்ப் படிப்பதே எங்கள் பக்கத்தில் அதிசயம். போன இடத்தில் அவள் ஓடவும் ஆரம்பித்தாள். காலேஜுக்குள் நடந்த பந்தயத்தில் அவள்தான் முதல் என்று கடிதம் வந்ததும், சந்தைக்குப் போகிற வழியெல்லாம் அப்பா அதைச் சொல்லிக்கொண்டே போனார். என்னை மூன்றாம் வகுப்போடு நிறுத்தியதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஊட்டுக்கு ஒருத்தி படிச்சாப் போதும், சின்னவ எலை எண்ணட்டும் என்பது அவர் தீர்ப்பு.

இலை எண்ணுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. நூறு இலை ஒரு கவுளி. எண்ணும்போது 'ஒண்ணு' என்று சொல்லக் கூடாது. 'லாபம்' என்றுதான் தொடங்க வேண்டும், அது வியாபாரத்துக்கு நல்லது. லாபம், ரெண்டு, மூணு என்று வாயும் விரலும் ஒரே சீராக ஓடும். எனக்கு இருந்த கர்வம் அந்த ஒன்றுதான்.

தசரா லீவுக்கு அக்கா வந்தபோது அப்பா ஒரு கெடு வைத்தார். புதுச்சத்திரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஆள்மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

"அடுத்த மாசம் எல்லாக் காலேஜும் சேந்து ஓடுறாங்கல்ல, அதுல மொதலாவதா வந்தீன்னா மேல படி சாமி. இல்லாட்டித் தை பொறந்ததும் கண்ணாலம்."

அக்கா தலையாட்டினாள். மறுநாள் விடிந்ததும் கிணற்றுக் கயிற்றால் வாய்க்கால் கரையை நூறு கெஜம் அளந்தாள். காலேஜில் ஓட்டத்தை அளக்க டீச்சரம்மா கடிகாரம் வைத்திருந்தாராம். எங்கள் வீட்டில் கடிகாரம் ஏது? நான்தான் கடிகாரம். மதகுக் கல்லருகே நின்று துண்டைக் கீழே போடுவேன். அக்கா தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு அந்தக் கோடியிலிருந்து ஓடி வருவாள். அவள் கல்லைத் தொடும் வரை நான் இலை எண்ணுகிற சீரில் எண்ண வேண்டும். முதல் நாள் இருபத்தெட்டு வந்தது.

"உன் எண்ணிக்கை தப்பாது அம்மிணி. இருபத்தாறுக்குக் கொண்டாந்துட்டா நாந்தான் மொதலு" என்றாள்.

அவள் திரும்பி வந்ததும் அம்மா ஒரு நாட்டுக்கோழி முட்டையை உடைத்துப் பச்சையாக அவள் வாயில் ஊற்றுவாள். ஓட்டை என் கையில் கொடுத்துக் குப்பைக் குழியில் போடச் சொல்வாள். எண்ணி எண்ணித் தொண்டை வறண்டவளுக்கு முட்டை ஓடு! எனக்குப் பொறாமை. சோறு இறங்காத பொறாமை. அவளுக்கு மெட்ராஸ், அவளுக்குப் புஸ்தகம், அவளுக்கு முட்டை. எனக்கு வெற்றிலைக் கறை.

நாலாம் நாள் என் வாய் கொஞ்சம் வேகமாக ஓடியது. முப்பது என்றேன். அக்கா திரும்பிப் போய் மறுபடி ஓடினாள். முப்பத்திரண்டு என்றேன். அவள் முகம் வாடியதைப் பார்க்க எனக்கு வெல்லமாக இருந்தது. தை பிறந்ததும் அவள் புதுச்சத்திரத்தில் சாணி வழித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தபோது சோறும் இறங்கியது. லீவு முடிவதற்குள் முப்பத்தாறு வரை கொண்டுபோய் நிறுத்தினேன். அவள் வெயில் ஏறிய பிறகும் ஓடினாள், சாயங்காலமும் ஓடினாள். குதிகால் வெடித்து, மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டு ஓடினாள். பஸ் ஏறும்போது அவள் கண் கலங்கியிருந்தது. நான் சந்தோஷமாகக் கையாட்டினேன்.

மறு மாதம் கோப்பையோடு வந்து இறங்கினாள். தான்தான் கடைசியாக வருவோம் என்று பயந்து ஓடியவள் மற்றவர்களை நாலு கெஜம் பின்னே விட்டு வந்துவிட்டாளாம். ஊரே வீட்டு வாசலில் கூடியது. கோப்பையை வெற்றிலைத் தட்டில் வைத்துச் சுற்றி வரக் கொடுத்தார்கள். என் கைக்கு வந்தபோது அது நசுங்கிச் சொட்டையாகிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

அப்பாவுக்கு வாயெல்லாம் பல். "என்ன வேணுங் கண்ணு, கேளு" என்றார். வளையல் கேட்பாள் என்று எல்லாரும் நினைத்தோம்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தேன்.

"இவளுக்கு எண்ணவே தெரியலீங்கப்பா. அதே தூரம், அதே காலு, ஒரு நாள் இருபத்தெட்டுங்கறா, ஒரு நாள் முப்பத்தாறுங்கறா. மெட்ராஸ்ல பந்தயத்தன்னிக்குக் கடிகாரத்துல பாத்தப்பத்தான் தெரிஞ்சுது. இவள நம்பிக் கவுளி கட்டாதீங்க. பள்ளிக்கூடத்துல போட்டாத்தான் ஆகும்."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. கவுளியில் நாலு இலை குறைந்தால் சந்தையில் யார் நம் முகத்தில் விழிப்பார்கள் என்று அம்மாவைப் பார்த்துக் கத்தினார். அடுத்த வாரமே இலை எண்ண வேறு ஆள் வந்தது. என் கையில் சிலேட்டு வந்தது.

சின்னவளைப் படிக்க வையுங்கள் என்று அக்கா நேராகக் கேட்டிருந்தால், எலைய யாரு எண்ணுவா என்று அப்பா ஒரே வார்த்தையில் முடித்திருப்பார். எண்ணத் தெரிந்தவளை அவர் விட்டிருக்க மாட்டார். இது எனக்கு விளங்கும்போது நானே சேலத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பத்து வயதில் விளங்கியதெல்லாம் வேறு. செய்ததற்குப் பழி வாங்கிவிட்டாள், ஊர் முன்னால் என் ஒரே கர்வத்தைப் பிடுங்கிவிட்டாள், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் முதல் நாள், என்னைவிடச் சிறுசுகளுக்கு நடுவில் எழுந்து நிற்க வைத்து, நூறு வரை எண்ணச் சொன்னார் வாத்தியார். இதுகூடவா தெரியாது என்று கையைக் கட்டிக்கொண்டு, இலை எண்ணிய பழக்கத்தில் "லாபம்" என்று உரக்கத் தொடங்கினேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. இப்படி என்னைப் பார்த்து எல்லாரும் சிரிக்கத்தான் இங்கே கொண்டுவந்து தள்ளினாள், அவள் கால் ஒடிய என்று மனசுக்குள் சபித்துக்கொண்டே, "ஒண்ணு" என்று மறுபடி ஆரம்பித்தேன்.