ஸீக்காவின் கடைசித் திருகு

பிராக் நகரத் தாழ்வெப்ப ஆய்வகம் ஒன்றுக்குத் தலைவரான பிறகு லுபோர் ஸீக்கா செய்த ஒரே கைவேலை, கடைசித் திருகு. பிறர் குளிர்கலனைப் பூட்டிவிட்டு நகர்ந்ததும் ஸ்பேனரோடு வருவார். போல்ட்டுகளை ஒரு திருகு திருகிவிட்டு, "நான்தான் மூடினேன்" என்பார். ஆய்வுக் கட்டுரையில் அவர் பெயர் முதலில் நிற்கும். அடுத்தவன் கொதிக்கவைத்த குழம்பில் ஒரு கல் உப்பைப் போட்டுவிட்டுப் பந்திக்கு முந்தும் ஜாதி.

அங்கே தற்காலிக ஆய்வாளரான ப்ரோனிஸ்லாவா இதுவரை விட்டுக்கொடுத்தவள்தான். இம்முறை முடியாது. மெல்லிய குழாய்க்குள், கடுங்குளிரில் உராய்வே இல்லாமல் ஓடும் மீப்பாய்ம ஹீலியம் வெப்பத்தை எப்படிச் சுமக்கிறது என்று அளப்பது முழுக்க அவள் வேலை. முதல் பெயர் அவளுடையதானால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் கோடையோடு வெளியே.

கசிவை அடைக்க மூடிக்கடியில் மெத்தென்ற இண்டியம் உலோகக் கம்பியை வைத்து, மூடி சமமாக அழுந்தும்படி எதிரெதிர் போல்ட்டுகளை மாற்றி மாற்றி அளவாக இறுக்கினாள். சாப்பிட்டுத் திரும்பியபோது சக ஆய்வாளன் மத்தோவுஷ் சிரித்தான்.

"நம்ம பிஷப் ஸ்பேனரோட வந்து ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போயிட்டாரு. கைக்கு எட்டின பக்கம் மட்டும். சுத்திப் போகச் சோம்பல்."

உடனே கசிவுச் சோதனை செய்தாள். அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. பிரித்துப் பூட்ட நேரமும் இல்லை.

மறுநாள் எல்லாரும் பார்த்திருக்க, குளிர் இரண்டு கெல்வினை நெருங்கியது. பொங்கிக்கொண்டிருந்த ஹீலியம் சட்டென்று அடங்கி, ஒரு குமிழியும் இல்லாமல் நின்றது. உடனே கலனைச் சுற்றியுள்ள வெற்றிடத்தை அளக்கும் மானியின் முள் ஏறத் தொடங்கியது. வாயுவே நுழையாத இடுக்கிலும் மீப்பாய்மம் புகுந்துவிடும். ஒரு பக்கம் அழுந்தி மறுபக்கம் மயிரிழை தூக்கிய மூடி அதற்கு வழிவிட்டிருந்தது. வெப்பத்தைத் தடுத்துவந்த அந்த வெற்றிடம் கெட்டது; வெப்பம் பாய்ந்தது; ஹீலியம் அத்தனையும் வாயுவாகிச் சேமிப்புப் பைக்குத் திரும்பியது.

"பாத்தியாம்மா? இறுக்கத் தெரியாத கை," என்றார் ஸீக்கா உரக்க.

"கடைசியா மூடினது நீங்கதானே, டொட்சென்ட் ஐயா?" என்று பதவிப் பட்டத்தோடு கேட்டாள் ப்ரோனிஸ்லாவா.

"நானா? அந்தப் பக்கமே நான் வரலையே!"

"அப்ப ஸ்பேனர் தானா நடந்து வந்திருக்கும்," என்றான் மத்தோவுஷ்.

"நீ வாயை மூடு! இந்த வேலையில நான் விரல்கூட வைக்கலை. எல்லாரும் கேட்டுக்கோங்க!"

"கேட்டுக்கிட்டோம்," என்றாள் ப்ரோனிஸ்லாவா. "அப்ப கட்டுரையிலயும் உங்க பேரு வேண்டாம்."

பெயர் வேண்டுமென்றால் கசிவும் அவருடையது.

"உன் கட்டுரை யாருக்கு வேணும்?" என்று முனகிவிட்டுப் பீர்க்கடையைப் பார்த்து நடந்தார்.

ஹீலியத்தை மறுபடி திரவமாக்கி அவள் அளந்து முடித்தாள். கட்டுரையில் அவளும் மத்தோவுஷும் மட்டும். வேலை நிரந்தரமானது. ஸீக்காவோ மாநாட்டுக்கு மாநாடு, "நான் வளத்த பொண்ணு" என்று சொல்லித் திரிகிறார்.