வலைக்கண்ணில் ஒரு பேர்

"பொறு மாஸ்டர், பொறு. இந்த இடம் முக்கியம்."

ஸஹீத் என் பக்கம் திரும்பவே இல்லை. விரல்கள் கிழிந்த வலையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. மீன் பெட்டியைக் கவிழ்த்து, அதன் மேல் பொலித்தீன் பைக்குள் போட்ட கைபேசியைச் சாத்தி வைத்திருக்கிறார். அதற்குள்ளிருந்து நிந்தவூர் றிம்சானின் குரல், ஒரு நாகம் கோட்டை மதிலை எந்தப் பக்கத்தால் உடைத்தது என்று மூச்சுவிடாமல் விளக்குகிறது. சாய்ந்தமருதுக் கடற்கரையில் நேரம் காலை எட்டு மணி.

'ஏழாங்கடல் காவலர்' என்ற மாயக்கதை ஏழு தடித்த பாகங்கள். அதற்குப் பொத்துவிலிலிருந்து கல்முனை வரை முப்பத்தெட்டு ரசிகர்கள் கொண்ட ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. எழுத்தில் யாரும் எதுவும் போடக்கூடாது, குரலில்தான் பேச வேண்டும் என்பது குழுவின் சட்டம். காரணம் ஸஹீத். வலை பொத்தித் தைக்கிறவருக்கு வாசிக்கக் கை ஓயாது, கேட்கக் காது ஓய்வாகத்தான் இருக்கிறது. பள்ளிக்கூட வாத்தியாரான நானும் அந்தக் குழுவில் ஒருவன். தலை நரைத்த பிறகு நாகத்துக்காகச் சண்டை போடுகிறேன் என்று காரைதீவில் என் வீட்டார் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

மாரியில் கடலுக்குப் போகாத நாட்களில் ஏழு பாகங்களையும் மூன்று தரம் வாசித்து முடித்தவர் ஸஹீத். புத்தகத்தில் அடையாளத்துக்கு வைப்பது வலை நூல். கதையில் வரும் மகாராணியை "அந்தப் பொம்புள" என்பார். அவள்மீது தீராத கோபம். பால் விடாத பிளேன்டீயைச் சீனி போட்டுக் கலக்கமாட்டார். உள்ளங்கையில் சீனியைக் கொட்டி, நக்கி நக்கித்தான் குடிப்பார். நாற்பத்தெட்டு வயது மனிதருக்கு இது அழகா என்று கேட்டால், "சீனிக்கு வயசு தெரியுமா மாஸ்டர்?" என்று நம்மையே மடக்குவார்.

ஐந்தாம் பாகத்தில் செத்துப்போன காவலன் தாரன் ஆறாம் பாகத்தில் உயிரோடு எழும்பி வருகிறான். குழுவே கொண்டாடிய அந்த வாரம், ஸஹீத் நான்கு நிமிடத்துக்கு ஒரு குரல் பதிவு போட்டார். "மௌத்தானவன எழுப்பப்படா. அப்படி எழுப்பினா முன்னுக்கு அழுத சனமெல்லாம் என்னத்துக்கு அழுதிச்சி?"

காஸாவுக்காக வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகைக்குப் பின் ஊரார் வீதியோரம் நிற்கத் தொடங்கியபோது, றிம்சான் ஒரு பதாகை அடித்துக்கொண்டு வந்தார். இத்தனை ஆயிரம் பிள்ளைகள் என்று ஓர் எண், சிவப்பில், பெரிதாக. ஸஹீத் அந்த எண்ணின் மேல் விரலை வைத்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "சுனாமிக்குள்ள எங்களையும் இப்பிடித்தான் எண்ணினாங்க மாஸ்டர். என்ட தங்கச்சி ஒரு நம்பரா?" சுனாமி வந்த அந்த வாரம் காரைதீவில் எண்ணப்பட்டவர்களில் என் அண்ணனும் ஒருவர்.

அடுத்த வெள்ளி ஸஹீத் ஒரு மரச்சட்டத்தோடு வந்தார். இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய நீளம். அதில் இழுத்துக் கட்டிய பழைய வலை. வலைக்கண் ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன அட்டை, அட்டையில் ஒரு பிள்ளையின் பேரும் வயதும். மேற்சட்டத்தில் 'காஸா' என்று ஒரே ஒரு சொல். றிம்சானின் தோளில் கிடந்த பலஸ்தீனக் கட்டம் போட்ட சால்வையைத் தடவிப் பார்த்து, "இதுவும் வலதான் தம்பி. முடிச்சுத்தான் பிழ" என்றார்.

அட்டைகளை எழுதுபவர் பாண்டிருப்புச் சித்திர ஆசிரியை சுஜித்தா. அவரும் நம் குழுதான். மகாராணிக்காக ஸஹீத்தோடு மல்லுக்கு நிற்கும் ஒரே ஆள். முதல் நாள், காஸாவில் கொல்லப்பட்ட பிள்ளைகளின் பட்டியலைப் பார்த்துப் பத்துப் பேர் எழுதியதும் பேனையை வைத்துவிட்டார். "ஸஹீத் நானா, எல்லாம் எங்கட பக்கத்துப் பேராக் கிடக்கு. சுபியான் இருக்கு, சுபைறா இருக்கு. என்ர வகுப்புப் பிள்ளையளக் கூப்பிடுற மாதிரி இருக்கு."

"எழுதுங்க டீச்சர்" என்றார் ஸஹீத். "கூப்பிடத்தான் வேணும்."

வந்த வினையும் அந்தப் பேர்களால்தான். போன மாதம் யாரோ வலையைக் கிட்டத்தில் படமெடுத்து முகநூலில் போட்டுவிட்டார்கள். மேலே இருந்த 'காஸா' படத்தில் விழவில்லை. 'றிபா, 6 வயது' என்ற அட்டை மட்டும் பளிச்சென்று தெரிந்தது. இங்கே மௌத்துச் செய்தி பேரும் வயதுமாகத்தான் பரவும். நிந்தவூரில் அதைப் பார்த்த ஒரு மூதாட்டி, சாய்ந்தமருதில் இருக்கும் தன் மருமகள் ஜுனைதாவின் ஆறு வயது மகள் றிபாதான் போய்விட்டாள் என்று முடிவெடுத்து, மௌத்து நடந்த மையத்து வீட்டுக்கென்று சீனியும் தேயிலையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அழுதழுது வந்தவருக்குக் கேற்றைத் திறந்துவிட்டதே றிபாதான், வாயில் மாம்பழத்தோடு. கிழவி அங்கேயே மயங்கி விழுந்தார்.

ஊர் சிரித்தது. ஜுனைதா சிரிக்கவில்லை. "உசிரோட இரிக்கிற என்ட புள்ளைக்கி மையத்துப் பலகையா?" என்று கடற்கரைக்கே வந்து ஸஹீத்தைக் கிழித்துவிட்டுப் போனார். அன்று பின்னேரம் றிம்சானின் குரல் பதிவு வந்தது. "ஸஹீத் காக்கா, இந்தக் கிழம வலையத் தூக்காம விட்டிருவம். ஊரு கொதிக்கிது. நான் தாரன்ட படம் அடிச்சிரிக்கன். கையில விளக்கு, கீழ 'காவலன் சாகமாட்டான்' எண்டு. சின்னப் புள்ளையளுக்கு ஒரு தெம்பு வேணுமில்லியா?"

ஸஹீத் வலை ஊசியைக் கீழே வைத்தார். வேலை நேரத்தில் அவர் ஊசியை வைத்து நான் பார்த்ததில்லை. "தம்பி, தாரன நீ தூக்கு. நான் வேணாண்டு சொல்லல்ல. கதையில வாறவன் சாகமாட்டான், எழுதுற ஆள் எழுப்பிருவா. இந்தப் புள்ளையள எழுப்ப ஆளில்ல. பேராச்சும் நிக்கட்டும். வல வரும்."

வெள்ளிக்கிழமை வலை வந்தது. நானும் சுஜித்தாவும் சட்டத்தின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டோம், மறுமுனையில் ஸஹீத். றிம்சான் விளக்கேந்திய தாரனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஜுனைதா வந்தார், மகளைக் கையில் பிடித்தபடி.

"எங்க அந்தப் பேரு?"

ஸஹீத் காட்டினார்.

"கழட்டுங்க காக்கா."

"வல முடிச்சு அவுழா புள்ள. வெட்டத்தான் வேணும்." சட்டத்தைக் கீழே ஊன்றச் சொல்லிவிட்டு, இடுப்பில் செருகியிருந்த சின்னக் கத்தியை எடுத்து அவரிடம் நீட்டினார். "நீ பெத்த உம்மாக்காரி. ஒனக்கு உரிம இரிக்கி, வெட்டு. என்ட கையால நான் வெட்டமாட்டன்."

ஜுனைதா கத்தியை வாங்கி, அட்டையை இழுத்துப் பிடித்தார். முதலாம் வகுப்பில் எழுத்துக் கூட்டப் படிக்கிற றிபா எட்டிப் பார்த்து, "உம்மா! என்ட பேரு!" என்று துள்ளினாள்.

கத்தி அப்படியே நின்றது.

"அந்த றிபாட உம்மா இரிக்காவா காக்கா?"

"தெரியா புள்ள. லிஸ்டில புள்ளைட பேரு மட்டுந்தான்."

ஜுனைதா மகளைத் தன்னோடு இறுக்கிக்கொண்டார். "மாமி விழுந்து கிடக்கக்குள்ள இவள் உசிரோட முன்னுக்குத்தான் நிண்டாள். கண்ணால கண்டுக்கிட்டே நான் பயந்து செத்தன் காக்கா. அந்த உம்மா எப்பிடித்தான்..." கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஸஹீத்தின் பக்கத்துச் சட்டத்தைத் தானும் பிடித்துக்கொண்டார்.

ஸஹீத் சட்டைப் பையிலிருந்து வலை ஊசியை எடுத்தார். குனிந்து, றிபா என்ற அட்டைக்கு மட்டும் இரண்டாவதாக ஒரு முடிச்சுப் போட்டு இறுக்கி, மிஞ்சிய நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.